எங்கள் வீட்டுக் கல்வித் துறையை மூடிய வாரம்

இதில் யார் பெயரும் வராது. பெயர் போட்டால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது என்று என் பிள்ளைகள் மூவரும் சொல்லிவிட்டார்கள். ஆகவே பெரியவள், நடுவன், சின்னவள் என்றே எழுதுகிறேன். அப்போது பெரியவள் எட்டாம் வகுப்பு, நடுவன் ஐந்து, சின்னவள் இரண்டு. மூவருக்கும் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிதான். ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். நான் தக்காளி போடுகிறவன். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்றும் உண்டு. அக்கம்பக்கத்துத் தக்காளியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போவேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. பிள்ளைகளின் அம்மா பத்து முடித்தவள். இந்த இரண்டு வகுப்பு வித்தியாசத்தில்தான் எங்கள் வீடே ஓடுகிறது என்பது எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து கோழிக்குழம்புக்குக் காத்திருந்தோம். டிவியில் செய்தி ஓடியது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமாக இருக்கும் கல்வித் துறையை மூடப்போகிறார்களாம். கையெழுத்துப் போட்டாகிவிட்டதாம். ஒவ்வொரு அலுவலகமாகப் பிரித்து வேறு துறைகளுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்களாம்.

நடுவன் எழுந்து நின்றுவிட்டான். "அப்பா, இங்க எப்பப்பா?"

"உக்காருடா. அது அமெரிக்கா" என்றாள் பெரியவள். அவளுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவித்தொகைக்கான தேர்வு எழுத வேண்டும் என்று ஆசை. அதற்காகப் பொது அறிவெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்களுக்கு விளக்கினாள். அந்த நாட்டில் பள்ளிக்கூடங்களை நடத்துவது அந்தந்த மாநிலமும் ஊரும்தான். அந்தத் துறை செய்வது வேறு. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குக் கொஞ்சம் உதவி, காது கேளாத, கண் சரியாகத் தெரியாத பிள்ளைகளுக்கு வேண்டியது நடக்கிறதா என்று பார்ப்பது, கல்லூரிப் படிப்புக்குக் கடன், எந்த ஊரில் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கணக்கெடுப்பது.

"மூடிட்டா என்னாக்கா ஆவும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"அதெல்லாம் மாநிலமே பாத்துக்கும்னு ஒரு கட்சி சொல்லுது. பணக்கார மாநிலம் பாத்துக்கும், ஏழ மாநிலம் என்னா பண்ணும்னு இன்னொரு கட்சி கேக்குது. மூடுறதுக்கு முன்னாலயே சண்ட."

நான் அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தக்காளிக்காரனுக்கு இந்த விஷயத்தில் ஒரு கருத்து இல்லாமல் போகாது. தோட்டத்துக்கும் சந்தைக்கும் நடுவில் நிற்கிறவனைத் தூக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் டீக்கடைக்கு டீக்கடை பேசுவோம். நானும் அதையே சொன்னேன்.

"வாத்தியாரு இருக்காரு. புள்ளைங்க இருக்குது. நடுவுல ஒரு ஆபீசு எதுக்கு? தூக்குனா தப்பில்ல."

இவ்வளவுக்கும் நானே ஒருமுறை நடுவில் நிற்கிறவனைத் தூக்கிப் பார்த்தவன். மண்டியே வேண்டாமென்று வண்டி நிறையத் தக்காளியோடு பொம்மிடி ரயில் நிலையத்துக்கு எதிரே நாள் முழுக்க நின்றேன். இறங்குகிற ஜனமெல்லாம் தக்காளியை அமுக்கிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது. சாயங்காலம் திரும்பும்போது வண்டியில் இருந்தது முக்கால்வாசி ரசம். அது அந்த நேரத்தில் ஏனோ நினைவுக்கு வரவில்லை.

அடுப்படியிலிருந்து பிள்ளைகளின் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"ஏங்க, நம்ம வூட்டுலயும் பள்ளிக்கூடத்துக்கும் புள்ளைங்களுக்கும் நடுவுல ஒரு ஆபீசு இருக்குது. அதையும் தூக்கிப் பாக்கலாமுங்களா?"

"நம்ம வூட்டுலயா? எது?"

"நான்தானுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இன்னிலேருந்து வெள்ளிக்கிழம முடிய. சோறு ஆக்குவன், துணி தொவைப்பன், சொசைட்டிக்குப் பால் ஊத்துவன். பள்ளிக்கூடத்தப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டன். கேட்டாலும் சொல்ல மாட்டன். அதிகாரம் எல்லாம் மாநிலத்துக்கு."

"மாநிலம்னா யாரும்மா?" என்றான் நடுவன்.

"நீங்க மூணு பேரும்."

அவன் அப்போதே அறிவித்தான். "எங்க மாநிலத்துல ஹோம்வொர்க் கெடையாது."

"எங்க மாநிலத்துல தெனமும் ஞாயித்துக்கிழம" என்றாள் சின்னவள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போயே ஆவணும்" என்றேன் நான்.

"அப்ப நீங்க உங்க மாநிலத்துல போங்கப்பா" என்றாள் அவள்.

கையெழுத்துப் போடுகிற வேலை மட்டும் எனக்கு வந்தது. நானும் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதன் வேண்டுமே என்று ஒப்புக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் அவர்கள் அம்மா உட்கார்ந்து டீ குடித்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் அவள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் நடக்கும் சண்டையைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்ப்பதற்கு நிறைய இருந்தது. நடுவனுக்கு ஒரு கால் சாக்ஸ் கிடைக்கவில்லை. சின்னவள் தலையை யார் பின்னுவது என்பது பெரியவளுக்கும் எனக்கும் நடுவில் கொஞ்சநேரம் இழுபட்டது. நான் பின்னினேன். தக்காளிச் செடிக்குக் குச்சி வைத்துக் கட்டுகிற கட்டு எனக்கு நன்றாக வரும். அதையே போட்டேன். அவிழாது என்பதற்கு நான் உத்தரவாதம், அழகுக்கு இல்லை.

கிளம்பும்போது பெரியவள் ஒரு படிவத்தை என்னிடம் கொடுத்தாள். போட்டோ ஒட்டி, பள்ளி முத்திரை குத்திய படிவம்.

"அப்பா, உதவித்தொக தேர்வுக்கு. இதுல கையெழுத்துப் போட்டு, வருமானச் சான்று வெச்சுக் குடுக்கணும். வெள்ளிக்கிழம கடேசி."

"வெள்ளிக்கிழமதான கண்ணு? இன்னிக்கி திங்கக்கிழமதான்."

அதை வண்டியின் டேஷ்போர்டில் பத்திரமாக வைத்தேன். மண்டிச் சீட்டு, டீசல் பில், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் அங்கேதான் இருக்கும். நான் தொலைக்கக் கூடாத காகிதமெல்லாம் வைக்கிற இடம் அது. மறுநாளும் அவள் ஒருமுறை நினைவுபடுத்தினாள். "பாத்துக்கலாம் கண்ணு" என்றேன். அவள் எதையும் மூன்றாம் முறை சொல்கிற பிள்ளை இல்லை.

மாநிலங்கள் தங்கள் வேலையைத் தொடங்கின. நடுவனுக்கு ஹோம்வொர்க் கிடையாது என்று சட்டம் இருந்தும், வாத்தியாருக்கு அந்தச் சட்டம் போய்ச் சேரவில்லை. அவன் பெரிய மாநிலத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டான். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போடுவது பெரியவள் வேலை. அதை அவன் செய்வான். அவனுடைய பின்னக் கணக்கை அவள் செய்வாள். இரண்டு பேருக்கும் திருப்தி. மாட்டுக்குக்கூடத் திருப்தி. அவன் இளசாகப் பார்த்து அறுத்துப் போட்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை வாத்தியார் நோட்டைத் திறந்து பார்த்து, "பரவாயில்லையே, வாடா, இதே கணக்க போர்டுல போடு" என்றிருக்கிறார். இவன் போர்டில் நம்பரை அழகாக எழுதி, நடுவில் ஒரு கோடும் இழுத்துவிட்டு, அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். வாத்தியார் டைரியில் எழுதி அனுப்பினார்: "கணக்கை வேறு யாரோ செய்துள்ளார்கள். பெற்றோர் பார்த்துக் கையெழுத்திடவும்."

எனக்குக் கிடைத்த முதல் அரசாங்க வேலை. டைரியை வாங்கித் தொடைமேல் வைத்து, பேனாவை ஒருமுறை உதறி, இன்ஷியலோடு முழுப் பெயரையும் எழுத்துக்கு எழுத்து நிறுத்திக் கையெழுத்துப் போட்டேன். மண்டியில் அவசரத்துக்குக் கிறுக்குவது வேறு. பிள்ளையின் டைரிக்கு மரியாதை வேண்டாமா?

புதன்கிழமை அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். டைரியில் என் கையெழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் இருந்தது: "தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுள்ளான். தந்தை நேரில் வரவும்."

"நான்தாண்டா போட்டன்!"

"நான் சொன்னன்ப்பா. சார் நம்பல. உங்கப்பா கையெழுத்து எனக்குத் தெரியாதாங்கறாரு."

அவர்கள் அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு துறை மூடியிருப்பது நினைவுக்கு வந்து, ஒரு காயை எடுத்து ரொம்ப மெதுவாகக் கிள்ளினாள்.

வியாழக்கிழமை காலை மண்டி வேலையை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொல்லிவிட்டு, முன்பு கையெழுத்தாகி வந்த ரேங்க் கார்டுகளை எடுத்து விரித்தார்.

"பாருங்க. இதுதான் உங்க கையெழுத்து. எப்படி சாஞ்சு, கடைசில ஒரு சுழி போட்டு அழகா இருக்குது. இத பாருங்க, உங்க பையன் போட்டது. கோணல் மாணலா. எழுத்துக்கூட்டி எழுதிருக்கான்."

நான் ரேங்க் கார்டுகளைப் பார்த்தேன். என் பெயர்தான். ஆனால் அந்தச் சுழி எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. ரேங்க் கார்டு ஒருநாளும் என் கைக்கு வந்ததில்லை. இப்போதெல்லாம் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"சார், இந்தக் கோணல்தானுங்க என்னுது."

"சும்மா புள்ளயக் காப்பாத்தாதீங்க. எங்க, இதுல போடுங்க பாப்போம்."

போட்டேன். ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கை நடுங்கும். டைரியில் இருந்ததைவிட மோசமாக வந்தது. வாத்தியார் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. நீங்க அவனோட அப்பாதானுங்களே?"

பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். அதில் அதே கோணல். முகமும் என் முகம். வாத்தியாருக்கு நம்பிக்கை வந்தது. வந்த உடனே இன்னொரு கேள்வியும் வந்தது.

"அப்ப இத்தன நாளா இது யாரு போட்டது?"

எனக்கு விளங்கிவிட்டது. சாய்ந்து போய்ச் சுழி போடுகிற கை எங்கள் வீட்டில் ஒன்றுதான் உண்டு. ஆனால் காட்டிக்கொடுக்க மனசு வருமா?

"அது... நான் நல்லா சாப்ட்டுட்டு, நிதானமா உக்காந்து போட்டதுங்க சார்."

அவர் பதில் சொல்லுமுன் தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். ஊரில் பெரிய டீச்சர் என்போம்.

"வாங்க. உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்க சின்னப் பொண்ணு நாலு நாளா கண்ணாடி போடாம வருதே, ஏங்க? போர்டு தெரியலன்னு எழுந்து எழுந்து முன்னால வந்து நிக்குது."

போன வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்து கண் பரிசோதித்தவர்கள்தான் அவளுக்கு அந்தக் கண்ணாடிக்கு வழி செய்தார்கள். தினமும் காலையில் அவள் அம்மா அதை முந்தானையில் துடைத்து மூக்கில் மாட்டிவிடுவாள். நான்கு நாளாக ஜன்னல்மேல் அதே இடத்தில்தான் அந்தக் கண்ணாடி இருந்தது. நான் அதன் பக்கத்தில் நின்றுதான் தினமும் தலை சீவினேன். அந்த நாட்டில் ஒரு கட்சி கேட்டதே, ஏழை மாநிலம் என்ன செய்யும் என்று. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் ஜன்னல்மேல் இருந்தது. கெட்டிக்காரப் பெரியவள் ஒரு வாரம் தானே சமாளித்துக்கொண்டாள். முதலில் இடறி விழுந்தது, எது தேவை என்று கேட்கத் தெரியாத இரண்டாம் வகுப்புப் பிள்ளை.

"இன்னொன்னு" என்றார் பெரிய டீச்சர். "பெரிய பொண்ணோட படிவம் இன்னும் வரல. நாளைக்கு மதியானத்தோட கடேசி. அவ ஒருத்தியோடதுதான் பாக்கி."

"வண்டியிலதான் இருக்குதுங்க டீச்சர். இதோ எடுத்துட்டு வர்றன்."

டேஷ்போர்டைத் திறந்தேன். இன்சூரன்ஸ் இருந்தது. டீசல் பில் இருந்தது. மண்டிச் சீட்டுகள் இல்லை. புதன்கிழமை கணக்கு முடிக்க அந்தக் கட்டை அப்படியே அள்ளி மண்டியில் சீட்டு எழுதுகிற அண்ணனிடம் கொடுத்திருந்தேன். படிவமும் அதனோடு போய்விட்டது.

வேறு படிவம் தருவார்களா என்று கேட்டேன். ஒன்றிய அலுவலகத்திலிருந்து வரவேண்டும், ஒரு நாளில் ஆகாது என்றார் பெரிய டீச்சர். பெரியவளை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் வந்து நின்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. "திங்கக்கிழமயே குடுத்தன்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போனாள். முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாலக்கோட்டுக்கு அப்படி ஓட்டியது அதுதான் ஒரே தடவை. தக்காளி இல்லாத வண்டி குதிக்கிற குதியில் பற்களெல்லாம் ஆடின. மண்டியில் ஏலம் முடிந்து, தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாண்ணா, சரக்கே இல்லாம வந்திருக்கீங்க? பெட்டியெல்லாம் வழியில குதிச்சு ஓடிப்போச்சா?" என்றார் சீட்டு எழுதுகிறவர்.

"நேத்து குடுத்த சீட்டுக் கட்டுல எம் பொண்ணு இருக்குதா பாருங்க."

"பொண்ணா? சீட்டுக் கட்டுலயா?"

"போட்டோங்க. படிவம்."

அவர் கம்பியில் குத்தி வைத்திருந்த சீட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். பாதிக்குக் கீழே அது இருந்தது. மேல் மூலையில் கம்பி குத்திய ஓட்டை. பின்பக்கம் பென்சிலில் "இரண்டாம் ரகம், பெட்டி ஆறு" என்று எழுதியிருந்தது. முன்பக்கம் போட்டோவில் பெரியவள் முறைத்துக்கொண்டிருந்தாள். மோவாயில் ஒரு தக்காளி விதை ஒட்டியிருந்தது.

"நம்ம பாப்பாவா? யாரோ ஆபீசர் மாதிரி மொறைக்குதேன்னு நெனச்சன்" என்று சொல்லி, துண்டின் நுனியை ஈரமாக்கி விதையை மெல்ல எடுத்தார். பென்சில் எழுத்தையும் ரப்பர் வைத்து அழித்தார். "பொண்ண ரெண்டாம் ரகத்துல போட்டுட்டன், மன்னிச்சுக்கச் சொல்லுங்க. நாளைக்கு வந்திருந்தீங்கன்னா பழைய பேப்பர் மூட்டையோட போயிருக்கும்ணா."

வீட்டுக்கு வரும்போது நான்கு மணி. இனி வருமானச் சான்று மட்டும் வேண்டும். அது எங்கே என்று தெரிந்தவள் வாசலில் உட்கார்ந்து மீதி அவரைக்காயைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக ஒரே அவரைக்காயைக் கிள்ளுகிறாளோ என்று எனக்குச் சந்தேகம்.

"வருமானச் சான்று..." என்று இழுத்தேன்.

"தொற மூடியாச்சுங்களே" என்றாள், தலை நிமிராமல்.

சரி, கேட்கக்கூடாது என்று நானே தேடினேன். பீரோவில் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். மாதா படத்துக்குப் பின்னால் பார்த்தேன். நடுவனும் சின்னவளும் பள்ளியிலிருந்து வந்து கூடத் தேடினார்கள். சின்னவளுக்கு முதலில் ஜன்னலிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து நானே மாட்டினேன்.

"ஏன் சாமி போடாம போன?"

"எங்க மாநிலத்துல போடச் சொல்றதுக்கு ஆளில்லப்பா."

கடைசியில் அரிசி டிரம்மை நகர்த்தினேன். அதற்கு அடியில், சீருடை வந்த பிளாஸ்டிக் கவருக்குள், தட்டையாக ஒரு கட்டு. மூன்று பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்று, சாதிச் சான்று, ஒவ்வொரு வருடத்து ரேங்க் கார்டு நகல், கண் பரிசோதனைச் சீட்டு. சுருங்காமல் இருக்க ஒரு மூட்டை அரிசியின் கனத்தை அதன்மேல் ஏற்றி வைத்திருந்தாள். டிரம்மில் அரிசி கொட்டும்போதெல்லாம் நான் அந்தத் துறையின் கூரைமேல் கை வைத்திருக்கிறேன்.

அந்தக் கட்டின் அடியில் மடங்கிக் கிடந்த காகிதம் என்னுடையது. என் எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழ்.

இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நான் ஏன் ஒன்பதாவது போகவில்லை என்று யாராவது கேட்டால் வறுமை என்று சொல்லிவிடுவேன். கேட்கிறவரும் தலையாட்டுவார். உண்மை அதைவிடச் சின்னது. எட்டு முடித்ததும் இந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நல்லம்பள்ளியில் ஒன்பதாவதில் சேரவேண்டும். கடைசித் தேதி ஒன்று இருந்திருக்கிறது. வாத்தியார் வீட்டில் சொல்வார்கள் என்று நினைத்தார். எங்கப்பா வாத்தியார் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். நான் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக் கிணற்றில் நீந்திக்கொண்டிருந்தேன். யாரும் என்னை நிறுத்தவில்லை. யாரும் சேர்க்கவும் இல்லை. தேதி போய்விட்டது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருடம் நான் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்கு அடியில் யாரும் எதையும் வைத்திருக்கவில்லை.

வருமானச் சான்று அந்தக் கட்டின் மேலாகவே இருந்தது. போன மாதமே இ-சேவை மையத்தில் வாங்கி வைத்திருக்கிறாள். படிவத்தையும் சான்றையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

"நாளைக்குக் கடைசி நாள்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியாம? சொசைட்டியில பால் ஊத்தறப்ப சத்துணவு டீச்சர் தெனமும் சொல்லுது. நாளைக்குக் காலையில ஒம்பது மணி வரைக்கும் பாக்கலாம், அப்புறம் நானே கொண்டுபோய்க் குடுத்துடலாம்னுதான் இருந்தன். படிவம் வூட்டுல எங்கயோதான் இருக்கும்னு தைரியம்."

"அது மண்டியில கம்பில குத்திக் கெடந்தது."

அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "என்னாங்க சொல்றீங்க?"

படிவத்தை நீட்டினேன். அவள் ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். அதன் வழியாகத் தெரிந்த வெளிச்சத்தையும் பார்த்தாள். "அது மட்டும் எனக்குத் தெரியாதுங்க. வெளயாட்டு வெனயாப் போயிருக்குமே" என்றாள். அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்த பெரியவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேர் மேலயும் தப்பு" என்று தீர்ப்புச் சொன்னாள். படிவத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் அழுதாள்.

துறையைத் திறப்பதா வேண்டாமா என்று மாநிலங்களைக் கூட்டினோம். பெரியவள் திறக்க வேண்டும் என்றாள். நடுவன் யோசித்தான். "தொற இருந்தப்ப கணக்கு தெரியலன்னா அம்மா மட்டுந்தான் திட்டும். இப்ப ஊரே திட்டுது" என்று அவனும் திறக்கச் சொன்னான். சின்னவள் மட்டும் எதிர்த்தாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

அவர்கள் அம்மா இரண்டு நிபந்தனை வைத்தாள். "காலையில எட்டு மணிக்கு நான் உக்காந்துதான் டீ குடிப்பன். அந்த நேரத்துக்குத் தொற உங்களுதுங்க." நான் தலையாட்டினேன். "அப்புறம், எட்டு வருஷமா உங்க பேர எழுதி எழுதி எனக்கு எம் பேரே மறந்துபோவுது. இனிமே எங்கயும் எம் பேரத்தான் போடுவன்."

வெள்ளிக்கிழமை காலை இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெரிய டீச்சர் மேசையில் படிவத்தை வைத்தோம். ஐந்தாம் வகுப்பு வாத்தியாரும் அங்கே இருந்தார். பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவள் தன் பெயரை எழுதினாள். சாய்ந்து போய், கடைசியில் ஒரு சுழி.

வாத்தியார் அந்தச் சுழியைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நல்லா சாப்ட்டுட்டு நிதானமா போட்டதுங்களா?"

"இத்தன நாளா போட்டது நான்தானுங்க சார்" என்றாள் அவள். "இவரு விடியக்காலம் மண்டிக்குப் போனா எட்டு மணிக்குத்தான் திரும்புவாரு. புள்ளைங்க ஏழு மணிக்கு அட்டைய நீட்டும். நான் என்னா பண்றது?"

அப்படிச் செய்யக்கூடாது என்று பெரிய டீச்சர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொன்னார். அவர் சொன்னது சரிதான். சொல்லிவிட்டு, "எங்க வூட்டுக்காரரு பக்கத்துலயேதான் இருப்பாரு, எந்த எடத்துல கையெழுத்துப் போடணும்னு நான்தான் வெரல வெச்சுக் காட்டணும்" என்று சிரித்தார். படிவத்தின் ஓட்டையைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். நான் மண்டி என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. முத்திரையைக் குத்தி மற்றப் படிவங்களோடு சேர்த்துக் கட்டினார்.

தேர்வு ஒரு சனிக்கிழமை நடந்தது. காலை எட்டு மணிக்குத் துறை என்னிடம் இருந்ததால், நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டில் எல்லாம் நானே சரிபார்த்தேன். வண்டியில் கொண்டுபோய் விட்டேன். சின்னவளும் கண்ணாடி போட்டுக்கொண்டு கூட வந்தாள். அவள் மாநிலத்தில் அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால்.

பெரியவள் உள்ளே போன பிறகு வெளியே வேப்பமரத்தடியில் பத்துப் பதினைந்து அப்பன்மார் நின்றோம். பக்கத்தில் நின்றவர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமெரிக்காவுல கல்வித் தொறையவே இழுத்து மூடறாங்களாம். மூடிட்டா என்னாங்க ஆயிடும்? வாத்தியாரு இருக்கறாரு, புள்ளைங்க இருக்குது..."

அவருடைய சட்டைப் பையில் மண்டிச் சீட்டு தெரிந்தது. எங்கள் ஆள்தான்.

"என்னா ஆவும்னு எனக்குச் சொல்லத் தெரியாதுங்க" என்றேன். "மூடறதுக்கு முன்னால அரிசி டிரம்ம நகத்திப் பாத்தாங்களான்னு மட்டும் கேக்கணும்."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார். நான் அவருக்கு விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். அக்கா தண்ணீர் பாட்டிலை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாளாம். கேட்டில் நின்ற டீச்சரிடம் அதைக் கொடுத்தனுப்ப ஓடினேன்.